விருப்பத்துக்குப் பத்துப் புள்ளி

ஒவ்வொரு வருடமும் உலகத்தின் ஏதோ ஒரு நகரத்தில் ஐகாப்ஸ் என்றொரு மாநாடு நடக்கிறது. தானியங்கித் திட்டமிடலும் நேர அட்டவணைப்படுத்தலும் பற்றிய சர்வதேச மாநாடு. 2003 இல் இத்தாலியின் ட்ரெண்டோ நகரில் இந்தப் பெயரில் முதலில் கூடியது. பிறகு சிட்னி, ரோம், லண்டன், ப்ராக் என்று ஊர் ஊராகப் போகிறது. அந்த மாநாட்டோடு ஒட்டி நடக்கிற சின்னச் செயலமர்வுகளில் ஒன்றின் பெயர் ஸ்பார்க். 'அட்டவணைப்படுத்தல், திட்டமிடல் பிரயோகங்களுக்கான செயலமர்வு' என்பதுதான் அதன் முழுப் பெயர். ஆங்கிலத்தில் அந்த நீட்டுப் பெயரிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி, கடைசிச் சொல்லின் நடுவிலிருந்தும் இரண்டு எழுத்தை இழுத்தெடுத்து, 'தீப்பொறி' என்று வரும்படி செய்திருக்கிறார்கள். பெயர் வைக்கிற விஷயத்தில் எங்கட கம்பஸ் ஒன்றியங்களுக்குக் கொஞ்சமும் குறைந்தவர்கள் இல்லை.

2007 இல் தொடங்கிய செயலமர்வுத் தொடர் இது. தாளில் நல்லாக வேலை செய்கிற திட்டமிடல் முறைகளைத் தொழிற்சாலைக்கும் துறைமுகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனால் என்ன நடக்கிறது என்று கூடிக் கதைக்கிறார்கள். அங்கே வருகிற சிக்கல்கள் மூன்று வகை என்று அவர்களே சொல்கிறார்கள். உலகத்தை எப்படி மாதிரியாக எழுதுவது என்கிற சிக்கல், தொழில்நுட்பச் சிக்கல், அந்தந்த நிறுவனம் சார்ந்த சிக்கல். அந்த மூன்றாவது சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். நிறுவனம் என்றால் மனிசர். மனிசர் என்றால் அது கலைப்பீடத்துப் பக்கமும் கொஞ்சம் வருகிற விஷயம்தானே.

நான் இதுக்குள் வந்தது நண்பன் ஒருவனால். அவன் கணினி விஞ்ஞானம். இறுதி வருட ஆய்வுக்குத் தாதியருக்கான பணிமுறை அட்டவணையை, அதாவது ரோஸ்டரை, தானாகப் போடுகிற ஒரு மென்பொருள் செய்கிறான். என்னுடைய அக்கா தாதி. "மச்சான், கொக்காட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லன், ரோஸ்டர் எப்பிடிப் போடுறவை எண்டு" என்று தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் நான் அவனுடைய ஆய்வுக் கட்டுரைகளை வாசித்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பகுதியைத் தாண்டித் தாண்டித்தான். ஆனால் முன்னுரையும் முடிவுரையும் அட்டவணைகளும் விளங்கும்.

முதலில் திட்டமிடல் வேறு, அட்டவணைப்படுத்தல் வேறு. புட்டு அவிக்கிறதை எடுங்கோ. மா வறுத்திருக்க வேணும், தண்ணி கொதித்திருக்க வேணும், தேங்காய் துருவியிருக்க வேணும். குழைக்காத மாவைக் குழலுக்குள் போட ஏலாது. எந்த வேலைக்கு முன்னால் எது நடந்திருக்க வேணும், அந்த வேலை முடிந்தால் எது மாறும் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தால், எதிலிருந்து தொடங்கிப் புட்டில் முடிப்பது என்று இயந்திரம் தானே கண்டுபிடிக்கும். அது திட்டமிடல். இப்படி எழுதுகிற முறையை 1971 இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபைக்ஸ், நில்ஸ் நில்சன் என்ற இருவர் 'ஸ்ட்ரிப்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். ஷேக்கி என்ற, அறைக்குள் பெட்டிகளைத் தள்ளித் திரிந்த ஒரு றோபோவுக்காக. இன்றைக்கும் இந்தத் துறையின் அத்திவாரம் அதுதான்.

அடுப்பு ஒன்றுதான், சட்டி இரண்டு, ஆறரைக்கு பஸ், அதுக்குள் சம்பலும் இடிக்க வேணும் என்றால் எதை எத்தனை மணிக்கு யார் செய்வது என்பது அடுத்த கேள்வி. அது அட்டவணைப்படுத்தல். எங்கட அம்மாமார் இரண்டையும் ஒரே நேரத்தில் மண்டைக்குள் செய்கிறவர்கள். அதனால்தான் அதை ஒரு அறிவு என்று ஒருத்தரும் எண்ணுவதில்லை.

இந்தத் துறை பெருமையாகச் சொல்கிற கதைகள் பெரும்பாலும் வானத்தில் நடந்தவை. ஹபிள் தொலைநோக்கி 1990 இல் ஏவப்பட்டது. சுமார் 95 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. பார்க்க வேண்டிய நட்சத்திரத்தைச் சுற்றின் ஒரு பகுதியில் பூமியே மறைக்கும். சூரியனின் பக்கம் திருப்பக் கூடாது. உலகம் முழுக்க விஞ்ஞானிகள் நேரம் கேட்டு வரிசையில் நிற்பார்கள். இதை ஒழுங்குபடுத்த 'ஸ்பைக்' என்றொரு மென்பொருளை எழுதினார்கள். பிறகு வேறு தொலைநோக்கிகளும் அதை எடுத்துப் பயன்படுத்தின. 1999 மே மாதம் 'டீப் ஸ்பேஸ் 1' என்ற விண்கலத்தை, பூமியிலிருந்து கட்டளை போகாமல், அதுக்குள் இருந்த 'ரிமோட் ஏஜென்ட்' என்ற மென்பொருளே சில நாட்கள் ஓட்டியது. இடையில் ஒரு வழுவால் நின்றுபோய், பிறகு மறுபடி ஓடி, கொடுத்த இலக்குகளை முடித்தது.

பூமியில் நடந்த பெரிய வெற்றிக் கதை யுத்தத்தில். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படை 'டார்ட்' என்ற திட்டமிடல் கருவியைப் பயன்படுத்தியது. வாகனம், பொருள், ஆட்கள் என்று ஒரே நேரத்தில் 50,000 வரை. எது எந்தக் கப்பலில், எந்த விமானத்தில், எந்த ஒழுங்கில் போவது என்று அது போட்டுக் கொடுத்தது. செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்கு 30 வருடமாகக் கொட்டிய காசை இந்த ஒன்றே திருப்பித் தந்துவிட்டது என்று அதுக்குப் பணம் கொடுத்த பாதுகாப்பு ஆராய்ச்சி முகவரகம் சொன்னது. செயற்கை நுண்ணறிவுப் பாடப்புத்தகங்களில் இதை ஒரு சாதனையாக இரண்டு வரியில் எழுதியிருப்பார்கள். வடக்கில் பிறந்து வளர்ந்த ஒருத்தருக்கு அந்த இரண்டு வரியைத் தாண்டிப் போவது அவ்வளவு லேசில்லை. இந்தக் கருவிக்கு இலக்கு எது என்று தெரியாது. எழுதிக் கொடுத்த இலக்குக்குப் போகிற வழியை மட்டும் அது திறமாகக் கண்டுபிடிக்கும். அப்படியென்றால் எழுதிக் கொடுக்கிற கை யாருடையது என்ற கேள்விதான் எனக்கு முதற்கேள்வியாக வந்தது.

இந்தக் கேள்வியோடு அக்காவின் ரோஸ்டருக்கு வாறேன்.

அக்கா வேலை செய்வது எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் பத்து மணித்தியாலம் தள்ளியிருக்கிற ஒரு வைத்தியசாலையில். மோர்னிங் என்றால் காலை 7 முதல் 1 மணி. ஈவினிங் 1 முதல் 7. நைட் இரவு 7 முதல் மறுநாள் காலை 7. வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் மாத முடிவில் ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு, பென்சிலால் எழுதி, அழித்து, திரும்ப எழுதி, பிறகு பேனையால் எழுதுவார். பென்சிலால் எழுதுகிற அந்த இரண்டு மூன்று நாளும் வாட்டில் எல்லாரும் சிஸ்டரோடு கொஞ்சம் கூடுதல் மரியாதையாகக் கதைப்பார்களாம்.

அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு நாள் மோர்னிங், அடுத்து இரண்டு நாள் ஓஃப், அதுக்கு அடுத்த நாள் ஈவினிங். இப்படி விழுந்தால் முதல் நாள் மத்தியானம் 1 மணிக்கு வெளிக்கிட்டு நாலாம் நாள் மத்தியானம் 1 மணிக்குத் திரும்பினால் போதும். மொத்தம் 72 மணித்தியாலம். போக வர 20 போனால் வீட்டில் 52 மணித்தியாலம். அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், ஒரு நாள் கோயிலுக்குப் போகலாம், ஒரு நாள் சும்மா படுக்கலாம். அதே இரண்டு ஓஃபும் செவ்வாய் ஒன்று, சனி ஒன்று என்று பிரிந்து விழுந்தால் வீட்டில் இருக்கிற நேரம் பூச்சியம். கொப்பியில் எண்ணிப் பார்த்தால் இரண்டு ரோஸ்டரிலும் இரண்டு ஓஃப்தான்.

இப்போது போட்டிக்கு வருவோம். தாதியர் ரோஸ்டர் இந்தத் துறையில் பழைய பிரச்சினை. அதுக்கென்றே சர்வதேசப் போட்டிகள் நடத்தினார்கள். முதலாவது 2010 இல், இரண்டாவது 2014, 2015 காலத்தில். இரண்டாவது போட்டியின் விதிகளை நண்பன் எனக்கு அச்செடுத்துத் தந்தான். அதில் நிபந்தனைகள் இரண்டு வகை. ஒன்று கடினமானவை, மீறவே ஏலாதவை. ஒரு தாதிக்கு ஒரு நாளில் ஒரு ஷிஃப்ட்தான். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆகக்குறைந்தது இத்தனை பேர் நிற்க வேணும். நைட் முடித்த கையோடு மோர்னிங் போடுவது மாதிரியான அடுக்குக் கூடாது. தகுதியில்லாத வேலைக்கு ஆளைப் போடக் கூடாது. அவ்வளவும் சரி.

மற்ற வகை மென்மையானவை. மீறலாம், ஆனால் மீறுகிற ஒவ்வொரு முறைக்கும் தண்டப் புள்ளி. மொத்தத் தண்டம் ஆகக் குறைவாக வருகிற ரோஸ்டரே வெற்றி. அந்தப் புள்ளிகளைப் பாருங்கோ. வாட்டில் இருக்க வேண்டிய அளவுக்கு ஒரு ஆள் குறைந்தால் 30. சனி, ஞாயிறு இரண்டில் ஒன்று மட்டும் வேலை விழுந்து வார இறுதி உடைந்தால் 30. ஓஃப் நாட்கள் தொடர்ச்சியாக வராமல் போனால் 30. மொத்த வேலை நாள் கூடிக் குறைந்தால் 20. ஒரு தாதி "அண்டைக்கு எனக்கு வேண்டாம்" என்று கேட்டதை மறுத்தால் 10. பட்டியலிலேயே ஆகக் குறைந்தது அதுதான்.

எனக்குக் கோபம் வந்தது. விருப்பத்தின் விலை பத்தா? அக்காவுக்கு அன்றிரவே வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினேன். அவளுடைய பதில் நான் நினைத்த மாதிரி இல்லை.

"தம்பி, ஆள் குறைஞ்ச நைட் எப்பிடி எண்டு உனக்குத் தெரியாது. முப்பத்தஞ்சு பேஷன்ற், ரெண்டு பேர். ஒருத்தருக்கு மூச்சு எடுக்க ஏலாமல் வந்தால் மற்ற முப்பத்திநாலு பேரையும் ஆர் பாக்கிறது? அதுக்கு முப்பது போட்டது சரி. நான் கேக்கிற லீவுக்கு முப்பது போட வேண்டாம்."

பிறகு கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு குரல்.

"ஆனா போன மாதமும் மறுத்து, இந்த மாதமும் மறுத்தால், அது அதே பத்தோ? சிஸ்டர் எண்டாலும் மூண்டாம் மாதம் முகத்தைப் பாத்து ஏதும் செய்வா."

நண்பனுக்கு அதை அப்படியே அனுப்பினேன். அவன் விதிகளைத் திரும்பப் புரட்டினான். அந்தப் போட்டியில் ரோஸ்டர் கிழமை கிழமையாகப் போடப்படும். ஒரு கிழமையிலிருந்து அடுத்த கிழமைக்குச் சில தகவல்கள் கொண்டுபோகப்படும். இதுவரை எத்தனை ஷிஃப்ட் செய்தார், எத்தனை வார இறுதி வேலை செய்தார், கடைசியாகத் தொடர்ந்து எத்தனை நாள் வேலை செய்தார். மறுக்கப்பட்ட விருப்பம் அந்தப் பட்டியலில் இல்லை. களைப்புக்கு ஞாபகம் இருக்கிறது, ஏமாற்றத்துக்கு இல்லை. ஆராய்ச்சிக்காரர் கொடுமைக்காரர் என்பதால் அப்படி நடக்கவில்லை. ஒரு போட்டிக்கு விதிகள் சுருக்கமாக இருக்க வேணும், எதையாவது வெளியே விடத்தான் வேணும். விட்டது எது என்பதில்தான் என் கண் நின்றது.

அக்கா மூலமாக அவளுடைய வாட்டில் இன்னும் நாலு பேரோடு கதைத்தோம். இரண்டு பேர் சிங்களவர். அக்கா நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். நண்பன் இதை 'அறிவைத் திரட்டும் கட்டம்' என்று தன் அறிக்கையில் எழுதினான். அந்தத் துறையில் உண்மையாகவே அதுக்கென்று தனிச் செயலமர்வு இருக்கிறது. எனக்கு அது வாய்மொழி வரலாறு எடுக்கிற மாதிரித்தான் இருந்தது. ஒருத்தர் நேராகப் பதில் சொல்ல மாட்டார், கதை சொல்வார். கதைக்குள்ளே விதி இருக்கும். வெசாக் இரவுகளுக்குத் தமிழ்ப் பிள்ளைகள் நிற்பார்கள், தீபாவளிக்குச் சிங்களப் பிள்ளைகள் நிற்பார்கள். ஒருத்தரும் எழுதிவைக்காத ஒப்பந்தம். சித்திரைப் புத்தாண்டுதான் சண்டை, ஏனென்றால் அது இரண்டு பக்கத்துக்கும். அந்த வருடம் யாருக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறதோ அவர் போவார், போன வருடம் போனவர் நிற்பார். கர்ப்பமாயிருக்கிறவருக்கு நைட் போட மாட்டார்கள், அவர் இன்னும் வெளியில் சொல்லாவிட்டாலும் சிஸ்டருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கடைசி விதியை எந்தக் கணினி மொழியில் எழுதுவது என்று நண்பன் என்னைப் பார்த்தான்.

இதை வாசித்து, கைரோஸ்டர்தான் மனிதாபிமானம், இயந்திரம் கல்நெஞ்சு என்று முடிவுக்கு வந்துவிடாதேங்கோ. அதே நாலு பேரும் மற்றக் கதையையும் சொன்னார்கள். சிஸ்டரோடு ஒரே ஊர் என்றால் நைட் குறையும். புதிதாக வந்தவருக்கு முதல் ஆறு மாதமும் மற்றவர் கழித்துவிட்டதுதான். வாய் காட்டினால் அடுத்த மாதம் ஓஃப் எல்லாம் தனித்தனியாக விழும். "ஏன் இப்பிடி" என்று கேட்டால் "ஆள் இல்லை" என்பதே பதில். ஆள் இல்லை என்பது உண்மையும்தான், அதனால் பொய் எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஏலாது. பென்சிலுக்கு முகம் தெரியும். முகம் தெரிவதால்தான் இரக்கமும் வருகிறது, ஓரவஞ்சனையும் வருகிறது.

ஆனபடியால் ஒரு நியாயமான இயந்திரம் நல்லதுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். நண்பன் முதல் மாதிரியைப் போட்டுக் காட்டும் வரைக்கும். பெயர்களை எடுத்துவிட்டு, அந்த வாட்டைப் போல பதினாலு பேர் கொண்ட ஒரு கற்பனை வாட்டுக்கு ஒரு மாதம் போட்டான். மொத்தத் தண்டம் கைரோஸ்டரை விடக் குறைவு. ஆனால் அக்காவின் இடத்தில் இருந்த ஆளுக்கு, கேட்ட மூன்று தடவையில் ஒரு தடவையும் வீட்டுக்குப் போக ஏலவில்லை.

ஏன் என்று இருவரும் இருந்து பார்த்தோம். பக்கத்து ஊரிலிருந்து வருகிறவரின் விருப்பம் சின்னது. "புதன் பின்னேரம் வேண்டாம், பிள்ளையின்ர பள்ளிக்கூடத்தில கூட்டம்." அதைக் கொடுப்பது லேசு. தூரத்திலிருந்து வந்தவரின் விருப்பம் நாலு நாள் நீளம். கணினிக்கு அதைத் தனித்தனி விருப்பமாகத்தான் கொடுத்திருந்தோம். நாலில் மூன்றைக் கொடுத்து நடுவில் ஒரு நாளை எடுத்தால் தண்டம் வெறும் 10. கணினியின் கண்ணில் அது நல்ல பேரம், நாலில் மூன்று கொடுத்தாயிற்று. அக்காவுக்கு நடுவில் ஒரு நாள் போனால் முழுக்கப் போச்சு. இன்னொன்று, கணினி பார்ப்பது கூட்டுத்தொகையை. ஆறு பேருக்கு ஆளுக்குப் பத்து என்றாலும் 60, ஒரே ஆளின் தலையில் அறுபது என்றாலும் 60. அக்காவிடம் இதைச் சொன்னதும் சிரித்தாள். "அந்த ஒரு ஆள் எப்பவும் தூரத்தில இருந்து வந்தவளாத்தான் இருப்பாள்."

யாருக்கும் வஞ்சகம் இல்லை. ஊர் பார்க்கவில்லை, மொழி பார்க்கவில்லை. ஆனாலும் முடிவு வந்து விழுந்தது பழைய இடத்திலேயே. எங்கட நாட்டில் தூர இடத்துக்கு நியமனம் கிடைக்கிறவர் யார், என்ன மொழி பேசுகிறவர், எத்தனை வருடம் அங்கே நிற்கிறவர் என்பதெல்லாம் ரோஸ்டருக்கு வெளியே இருக்கிற விஷயம். கணினி அதைப் பார்க்காது. பார்க்காததாலேயே அது உள்ளே வந்துவிடுகிறது.

வெளிநாடுகளிலும் இது நடந்திருக்கிறது, இதை விடப் பெரிய அளவில். 2017 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரப் பாடசாலைகளுக்குத் தொடங்கும் நேரத்தையும் பஸ்களையும் ஒழுங்குபடுத்த எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள் ஒரு அல்கோரிதம் செய்தார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் காலையில் கூட நேரம் நித்திரை வேணும், அதனால் உயர்வகுப்புகள் பிந்தித் தொடங்க வேணும் என்பது நல்ல நோக்கம். பஸ் பாதைகளை மட்டும் திருத்திய முதல் கட்டத்தில் 50 பஸ்கள் மிச்சமாயின. ஆனால் அந்த டிசம்பரில் புதிய நேரங்களை அறிவித்தபோது, சின்னப் பிள்ளைகளுக்கு விடிய 7.15 க்குப் பள்ளி, மத்தியானமே வீடு என்று பல குடும்பங்களுக்கு வந்தது. பின்னேரம் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாத பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். அந்த மாதமே திட்டத்தைக் கைவிட்டார்கள். கணக்கு பிழைக்கவில்லை. பழைய நேரங்களும் எல்லாருக்கும் நியாயமாக இருக்கவில்லை. ஆனால் எது எதுக்கு எத்தனை நிறை என்று பெற்றோரோடு யாரும் இருந்து கதைக்கவில்லை.

2014 இல் ஸ்டார்பக்ஸ் கடையில் வேலை செய்த ஒரு தனித்தாயின் நாட்களைப் பற்றி நியூயோர்க் டைம்ஸ் எழுதியது. எந்த நேரத்தில் எத்தனை கோப்பி விற்கும் என்று கணித்து, அதுக்கேற்ற மாதிரி மென்பொருள் ஆட்களைப் போடும். வேலை நேரம் சில நாட்களுக்கு முன்தான் தெரியவரும். இரவு கடை பூட்டிய ஆளே விடியத் திறக்க வர வேண்டியிருக்கும். செய்தி வந்த உடனேயே நிறுவனம் முறையை மாற்றுவதாக அறிவித்தது. பிறகு சியாட்டில் மாதிரிச் சில நகரங்கள் சட்டமே கொண்டுவந்தன. 14 நாளுக்கு முன்னர் அட்டவணை கொடுக்க வேணும், பூட்டுவதுக்கும் திறப்பதுக்கும் நடுவில் ஓய்வு வேணும். அதாவது மென்மையான நிபந்தனையாக இருந்த ஒன்றைத் தொழிலாளர்கள் போராடிக் கடினமான நிபந்தனையாக்கினார்கள். தொழிற்சங்க வரலாறு முழுவதையுமே இப்படி வாசிக்கலாம் என்று எனக்குப் படுகிறது. எட்டு மணிநேர வேலை நாள் ஒரு காலத்தில் வெறும் விருப்பமாகத்தான் இருந்தது.

நம்பிக்கை தந்த உதாரணம் செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தது. 2004 இல் ஸ்பிரிட், ஒப்பச்சுனிட்டி என்ற இரண்டு ஊர்திகள் அங்கே இறங்கின. அவை ஒவ்வொரு நாளும் என்ன செய்வது என்று போட 'மேப்ஜென்' என்ற மென்பொருள் உதவியது. முழுத் திட்டத்தையும் இயந்திரமே போட்டுக் கொடுக்கிற வசதி இருந்தது. ஆனால் விளங்காத திட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மனிசர் தாங்களே வேலைகளை வைக்க விரும்பினார்கள். வைத்ததில் முரண்பாடு இருந்தால் இயந்திரம் காட்டும், அவர்கள் வைத்த இடத்திலிருந்து ஆகக் குறைவாக நகர்த்தித் திருத்தும். இரண்டு பேரும் மாறி மாறி. அந்த ஆட்கள் முதல் மாதங்களில் செவ்வாய் நேரப்படியே வேலை செய்தார்கள். செவ்வாயின் நாள் எங்கட நாளை விடச் சுமார் 40 நிமிடம் நீளம். அதனால் ஒவ்வொரு நாளும் 40 நிமிடம் பிந்தி வேலைக்குப் போய், சுமார் இரண்டரைக் கிழமையில் பகல் இரவாக மாறிவிடும். அட்டவணைக் கருவியை ஓட்டியவர்களும் ஒருவகையில் நைட் டியூட்டிக்காரர்தான்.

நண்பன் தன் மென்பொருளை மாற்றினான். 'மோர்னிங், ஓஃப், ஓஃப், ஈவினிங்' என்பதை உடைக்க ஏலாத ஒரே துண்டாக எழுதினான். அதுக்கு நாங்கள் வைத்த பெயர் 'வீட்டுக்குப் போற வடிவம்'. மறுக்கப்பட்டால் அடுத்த மாதம் அதன் நிறை இரட்டிக்கும், அதுக்கடுத்த மாதம் அதுவும் இரட்டிக்கும். கூட்டுத்தொகையோடு, ஆகக் கூடத் தண்டம் விழுந்த ஆளின் தண்டத்தையும் தனியாகப் பார்க்கும். கர்ப்ப விதியை நாங்கள் எழுதவில்லை. சிஸ்டர் காரணம் சொல்லாமலே ஒரு ஆளுக்கு நைட்டைப் பூட்டிவைக்கலாம் என்று ஒரு பொத்தான் மட்டும் வைத்தான். அந்தப் பொத்தானை ஓரவஞ்சனைக்கும் அழுத்தலாம். அதனால் ஒரு மாதத்தில் எத்தனை தரம் அழுத்தப்பட்டது என்பது மட்டும் ரோஸ்டரின் அடியில் வரும், யாருக்கு என்பது வராது. இது சரியா என்று எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம்.

இது ஒரு மாணவன் செய்யும் ஆய்வு. எந்த வாட்டிலும் இது ஓடப் போவதில்லை, இப்போதைக்கு. ஆனால் இன்றைக்கோ நாளைக்கோ யாரோ ஒருத்தர் ஏதோ ஒரு நிறுவனத்திடம் இப்படி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கத்தான் போகிறார். ஆஸ்பத்திரிக்கோ, ஆடைத் தொழிற்சாலைக்கோ, கம்பஸ் பரீட்சை அட்டவணைக்கோ. அன்றைக்கு அந்தப் புள்ளிகளை நிரப்புகிற அறையில் கணினிக்காரர் இருப்பார், நிர்வாகி இருப்பார். வேறு யார் இருப்பார்?

புதிய ரோஸ்டரை அக்காவுக்கு அனுப்பினோம். இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தாள், தொடர்ந்து நைட். "வடிவாத்தான் இருக்கு. எனக்கு ரெண்டு தரம் வீட்ட போகலாம் போல," என்றாள். பிறகு கேட்டாள், "ஆனா சரிவராத மாதம் ஆரிட்டப் போய்க் கதைக்கிறது? சிஸ்டரிட்ட எண்டால் போய் நிண்டு அழலாம், சண்டை பிடிக்கலாம். இதிட்ட?"

நண்பனிடம் அதுக்குப் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அக்காவே ஒன்று சொன்னாள். அந்தப் புள்ளிப் பட்டியலை, எதுக்கு முப்பது, எதுக்குப் பத்து என்று, மூன்று மொழியிலும் எழுதி ரோஸ்டருக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டச் சொன்னாள். மூன்று மாதத்துக்கு ஒருக்கா வாட்டில் இருக்கிற எல்லாரும் இருந்து அதை மாற்றலாமோ என்று கேட்கச் சொன்னாள். நண்பன் அதைத் தன் அறிக்கையின் கடைசி அத்தியாயத்தில் பரிந்துரையாகச் சேர்த்திருக்கிறான். தமிழில் அந்தப் பட்டியலை எழுதிக் கொடுக்கிற வேலை எனக்கு. 'மென்மையான நிபந்தனை' என்று எழுதினால் வாட்டில் ஒருத்தருக்கும் விளங்காது என்று அக்கா திருப்பி அனுப்பியிருக்கிறாள். இப்போதைக்கு 'ஏலுமெண்டால் பார்க்கிறது' என்று எழுதிவைத்திருக்கிறேன்.